தாதுவை விட்டு நீங்கிய நஞ்சு

செம்பு பூமிக்குள் தனித்துக் கிடப்பது அரிது. பெரும்பாலும் அது இரும்போடும் கந்தகத்தோடும் கூடி, காப்பர் பைரைட் எனப்படும் பித்தளை நிறத் தாதுவாகப் பாறை வெடிப்புகளில் படிந்திருக்கிறது. அதே வெடிப்புகளில் ஆர்சனிக், ஆன்டிமனி, பிஸ்மத் ஆகியனவும் இடம்பிடித்திருப்பதால், சுரங்கத்திலிருந்து மேலே வரும் கல்லில் உலோகமும் நஞ்சும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அந்தக் கல்லை அப்படியே உலையிலிட்டு உருக்கினால் ஆர்சனிக்கின் ஒரு பகுதி உருகிய செம்புக்குள் புகுந்துகொள்ளும்; புகுந்தபின் அதை வெளியேற்றுவது பெரும்பாடு. ஆகவே உருக்குவதற்கு முன் தாதுவை வறுப்பது பழங்காலந்தொட்டே செம்புத் தொழிலின் முதல் வேலையாக இருந்துவந்தது. வறுத்தல் என்பது தாதுவை உருகவிடாமல், காற்றுப் படும்படி பரப்பி, மணிக்கணக்கில் சூடேற்றுவதாகும். அந்தச் சூட்டில் கந்தகம் மூச்சடைக்கும் வாயுவாகவும், ஆர்சனிக் பூண்டு நாற்றம் கலந்த வெண்புகையாகவும் கிளம்பிப் போகும். அவ்வெண்புகை குளிர்ந்த சுவரில் பட்டால் நீராகாமல் நேரே பொடியாகவும் படிகமாகவும் ஒட்டிக்கொள்ளும். இவ்வாறு திடப்பொருள் உருகாமலே ஆவியாகி மீண்டும் திடமாவதைப் பதங்கமாதல் என்பர். சித்த மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாஷாணம் என்று குறிப்பது இந்தப் பொடியைத்தான். வீடுகளில் எலிப்பாஷாணம் என்ற பெயரில் பதுக்கி வைக்கப்பட்டதும் இதுவே.

நஞ்சை நீக்குதல் என்ற சொல்லுக்குள் ஒரு மறைப்பு இருக்கிறது. தாதுவை விட்டு நீங்கியது இல்லாமல் போய்விடுவதில்லை. புகைபோக்கி வழியாக வயலுக்கோ, பீப்பாயில் அடைபட்டுச் சந்தைக்கோ, கசிந்து ஆற்றுக்கோ அது போய்ச் சேர்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால், டெவன் மாவட்டங்களும், கடலுக்கு அப்பால் வேல்ஸ் கரையிலுள்ள ஸ்வான்சீ நகரமும் சேர்ந்து நடத்திய செம்புத் தொழிலில் இந்தப் பயணத்தின் ஒவ்வொரு படியையும் பின்தொடர முடிகிறது. ஏனெனில் அங்கே ஒரு கட்டத்தில் கழிவே சரக்காகி, செம்பு இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

வறுத்தலின் நோக்கத்தை ஐரோப்பாவில் விரிவாக அச்சில் ஏற்றியவர் சாக்சனி நாட்டவரும் சுரங்க ஊர்களில் மருத்துவராக இருந்தவருமான கியோர்கியுஸ் அக்ரிகோலா. 1556இல், அவர் இறந்த மறு ஆண்டில் வெளிவந்த ‘டே ரே மெட்டாலிகா’ என்னும் லத்தீன் நூலின் எட்டாம் பகுதியில், தாது வறுக்கப்படுவதற்கு இரு காரணங்களை அவர் தருகிறார்: கடினமான கல் எளிதில் நொறுங்கும்படி இளகுவது ஒன்று, உலோகத்துக்குக் கேடு செய்யும் கந்தகம், அரிதாரம், மனோசிலை போன்றவை எரிந்து போவது மற்றொன்று. அரிதாரமும் மனோசிலையும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள். முன்னது மஞ்சள், பின்னது சிவப்பு. மருத்துவராக இருந்தும் அக்ரிகோலா இங்கே உலோகத்தின் நலனையே முதலில் நினைக்கிறார் என்பது கவனிக்கத் தக்கது. அடுத்த மூன்று நூற்றாண்டுகளிலும் வறுக்கும் உலையைச் செம்மைப்படுத்தியோர் பெரும்பாலும் அவருடைய வரிசைமுறையையே பின்பற்றினர்.

கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் தம் சுரங்கங்கள் பலவற்றுக்கு ‘வீல்’ என்ற முன்னொட்டைச் சேர்த்துப் பெயரிட்டனர். அது வேலைத்தலம் என்று பொருள்படும் பழைய கார்னிஷ் மொழிச் சொல். இரும்பும் கந்தகமும் சேர்ந்த வேண்டாத கல்லை அவர்கள் ‘முண்டிக்’ என்றனர். இரும்பு, கந்தகம், ஆர்சனிக் மூன்றும் கூடிய வெள்ளி நிறக் கல்லுக்கு ‘மிஸ்பிக்கல்’ என்ற ஜெர்மானியப் பெயரும் வழங்கியது. நஞ்சு நீக்கத்தின் முதற்படி நெருப்பால் நடக்கவில்லை, கையால் நடந்தது. ‘பால் மெய்டன்’ என அழைக்கப்பட்ட பெண்களும் சிறுமியரும் சுரங்கத்தின் மேல்தளத்தில், பல இடங்களில் கூரைகூட இல்லாமல், சுத்தியலால் கல்லை உடைத்து, செம்பு மிகுந்த துண்டை ஒரு பக்கமும் முண்டிக்கை மறு பக்கமும் ஒதுக்கினர். பின்னர் கல் நீரில் அலசப்பட்டது. கனமான தாது அடியில் தங்க, லேசான பாறைத்தூள் நீரோடு போகும். ஆனால் கார்ன்வாலின் மற்றொரு செல்வமான வெள்ளீயத் தாதுவில் இந்த முறை முழுப்பயன் தரவில்லை, ஏனெனில் மிஸ்பிக்கலின் அடர்த்தி வெள்ளீயத் தாதுவின் அடர்த்திக்கு அருகிலேயே இருப்பதால் இரண்டும் ஒன்றாகவே அடியில் தங்கின. அதனால் வெள்ளீயச் சுரங்கங்களில் ‘எரிவீடு’ என்ற பொருள்படும் பெயருள்ள வறுப்புக் கூடங்கள் எழுந்தன. வறுத்தபின் மிஸ்பிக்கல் லேசான இரும்பு ஆக்சைடாக மாறிவிட, அதை அலசி எடுப்பது எளிதாயிற்று. செம்பை மட்டும் தேடிய சுரங்கங்களுக்கு அந்தத் தேவை அவ்வளவாக இல்லை. கையால் பொறுக்கிய செம்புத் தாதுவை அவை விற்றுவிட்டன, வறுக்கும் வேலை வாங்கியவனைச் சேர்ந்ததாயிற்று.

வாங்கியவன் ஸ்வான்சீயில் இருந்தான். ஒரு பங்கு தாதுவை உருக்கிச் செம்பாக்குவதற்குப் பல பங்கு நிலக்கரி தேவைப்பட்டமையால், நிலக்கரியைக் கார்ன்வாலுக்குக் கொண்டு போவதைவிடத் தாதுவை நிலக்கரி இருக்குமிடத்துக்குக் கொண்டு வருவதே மலிவாக இருந்தது. தாது ஏற்றிச் சென்ற கப்பல்கள் திரும்பும்போது சுரங்க நீரிறைக்கும் நீராவி எந்திரங்களுக்கு நிலக்கரி ஏற்றி வந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் உருக்கிய செம்பில் ஏறக்குறைய 90 விழுக்காடு ஸ்வான்சீயிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உருக்கப்பட்டது. அங்கே வழங்கிய வேல்ஸ் முறை வறுத்தலையும் உருக்குதலையும் மாறி மாறிச் செய்வது. முதலில் தாது எதிரனல் உலையில் வறுக்கப்படும். எரிபொருள் ஒரு அறையிலும் தாது மறு அறையிலும் இருக்க, தீச்சுடர் வளைந்த கூரையில் பட்டுத் தாதுவின் மேல் திரும்பும் அமைப்பே எதிரனல் உலை. வறுத்ததை உருக்கிக் கசடு நீக்கி, நீரில் கொட்டிக் குறுணையாக்கி, மீண்டும் வறுத்து, மீண்டும் உருக்கி, இறுதியில் மேற்பரப்பு முழுதும் கொப்புளம் கண்டிருந்ததால் கொப்புளச் செம்பு எனப் பெயர் பெற்ற கட்டி கிடைக்கும். அதை மறுபடி உருக்கி, பச்சை மரக்கழியை உள்ளே செலுத்திக் கிளறித் தூய்மைப்படுத்துவர். ஒவ்வொரு வறுப்பிலும் கந்தகமும் ஆர்சனிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறின. வெளியேறிய அனைத்தும் ஸ்வான்சீ பள்ளத்தாக்கின் காற்றில் கலந்தன.

அந்தப் புகை பிரச்சினை என்பது அப்போதே அறியப்பட்டிருந்தது. 1821இல் செம்புப் புகையின் தொல்லையைப் போக்கும் வழி காண்போருக்குப் பரிசளிக்க 1,000 பவுண்டுக்கு மேல் நிதி திரட்டப்பட்டது. ஹாஃபோட் செம்பு ஆலையின் உரிமையாளரான ஜான் ஹென்றி விவியன், இளம் வேதியியலாளரான மைக்கேல் ஃபாரடேயையும் ரிச்சர்ட் பிலிப்ஸையும் வரவழைத்து, நீண்ட புகைக்குழாய்களில் நீர்த்தாரையைப் பொழிந்து புகையைக் கழுவும் சோதனைகளில் பெரும்பணம் செலவிட்டார். புகையில் ஒரு பகுதி அடங்கியது. மீதி வழக்கம்போலவே பள்ளத்தாக்கில் பரவியது. கால்நடைகளின் மூட்டு வீங்குவதாகவும் பயிர் கருகுவதாகவும் கூறி உழவர் தொடுத்த வழக்கில், 1833இல் கார்மார்த்தன் நீதிமன்றத்தின் ஜூரி ஆலையின் பக்கமே நின்றது. புகையால் காலரா அண்டாது என்று நம்பிச் சொன்னவர்களும் அந்நாளில் இருந்தனர்; ஆயிரக்கணக்கானோருக்குக் கூலி கொடுக்கும் புகைக்கு நற்சான்று வழங்க ஆள் கிடைப்பது எக்காலத்திலும் அரிதாக இருந்ததில்லை. 1860களில் விவியன் குடும்பத்தார் புதுவகை உலைகளை நிறுவி, வறுப்பில் எழும் கந்தக வாயுவைப் பிடித்துக் கந்தக அமிலம் தயாரிக்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. புகையை விற்க முடியும் என்று தெரிந்தபின்தான் அதைப் பிடிப்பதில் அக்கறை பிறந்தது.

இதற்கிடையில் செம்பின் தூய்மைக்குப் புதியதொரு அளவுகோல் வந்தது. அதுவரை அடித்தால் விரிசல் விடாத செம்பு நல்ல செம்பு என்றிருந்தது; சிறிதளவு ஆர்சனிக் அதற்குத் தடையாக இல்லை. உண்மையில், ரயில் எஞ்சினின் எரியறைத் தகடுகள் கடும் சூட்டிலும் வலுவிழக்காதிருக்க, அரை விழுக்காட்டுக்கு உட்பட்ட ஆர்சனிக் கலந்த செம்பையே பொறியாளர் விரும்பினர். ஆனால் அட்லான்டிக் கடலடித் தந்திக் கம்பியின் பணியில் ஈடுபட்டிருந்த வில்லியம் தாம்சன், ஒரே நீளமும் பருமனும் கொண்ட செம்புக் கம்பிகள் மின்சாரத்தைக் கடத்தும் திறனில் பெரிதும் வேறுபடுவதை 1857இல் அறிவித்தார். அடுத்த சில ஆண்டுகளில் அகஸ்டஸ் மத்தீசன் செய்த ஆய்வுகள், மிகச் சிறிதளவு ஆர்சனிக்கே கடத்துதிறனைக் கடுமையாகக் குறைத்துவிடும் என்று காட்டின. தாதுவிலிருந்து ஆர்சனிக்கை முற்றாக விரட்ட வேண்டும் என்ற வற்புறுத்தல் மனித உடலை முன்னிட்டு எழவில்லை. தந்திக் கம்பியை முன்னிட்டு எழுந்தது. பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பட்டம் பெற்ற இதே தாம்சனுக்கு, முதுமையில் வேறொரு வடிவில் ஆர்சனிக்கை எதிர்கொள்ள நேர்ந்தது.

கார்ன்வாலுக்கும் டெவனுக்கும் எல்லையாக ஓடும் டேமார் ஆற்றின் டெவன் கரையில், பெட்ஃபோர்டு பிரபுவுக்குச் சொந்தமான காட்டில், 1844இல் ஒரு பெரும் செம்புப் படிவம் வெளிப்பட்டது. ஒரு பவுண்டு வீதம் 1,024 பங்குகளோடு தொடங்கிய அந்த நிறுவனத்தின் ஒரு பங்கு விலை மிக விரைவில் 800 பவுண்டைத் தொட்டது. வீல் மரியா, வீல் ஃபேனி, வீல் அன்னா மரியா, வீல் ஜோசையா, வீல் எம்மா என வரிசையாகத் திறக்கப்பட்ட சுரங்கங்கள் சேர்ந்து டெவன் கிரேட் கான்சல்ஸ் என்று பெயர் பெற்றன. செம்புப் படிவத்தின் இரு மருங்கிலும் மிஸ்பிக்கல் திரளாக ஒட்டியிருந்தது. தோண்டியோர் செம்பை எடுத்துக்கொண்டு அதைத் தொடாமல் விட்டனர், மேலே வந்ததையும் கழிவுக் குவியலில் கொட்டினர். 1860களில் வெளிநாட்டுச் செம்பு பெருகி விலை சரிந்தது, படிவமும் மெலிந்தது. அப்போதுதான் நிர்வாகத்தின் கண் கழிவின்மேல் விழுந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஆர்சனிக் ஆலை எழுந்தது. கைவிடப்பட்ட சுரங்க அறைகளுக்குள் தொழிலாளர் மீண்டும் இறங்கி, முன்னோர் விட்டுவைத்த சுவர்களை வெட்டி எடுத்தனர். 1870களில் இச்சுரங்கமும் அக்கம்பக்கத்துச் சுரங்கங்கள் சிலவும் சேர்ந்து உலகின் ஆர்சனிக்கில் பாதிக்கு மேல் தந்தன என்று கணக்கிடப்படுகிறது.

ஆலையின் அமைப்பு எளிது, பரப்பு பெரிது. நொறுக்கிய தாது வறுப்பு உலைக்குள் செல்லும். வில்லியம் பிரன்டன் 1828இல் காப்புரிமை பெற்ற உலையில் தளமே மெல்லச் சுழன்று தாதுவைக் கிளறிக்கொண்டிருந்ததால், நீண்ட கம்பியோடு உலை வாயில் நின்று ஆள் கிளற வேண்டிய தேவை குறைந்தது. உலையிலிருந்து வெளியேறும் புகை நேரே புகைபோக்கிக்குப் போகாமல், ‘லாபிரிந்த்’ எனப்பட்ட சுற்றுவழி அறைகளுக்குள் திருப்பிவிடப்பட்டது. அறைக்கு அறை குறுக்குச் சுவர் எழுப்பி, ஒன்றில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் வழிவிட்டு, புகை வளைந்து வளைந்து போகும்படி செய்திருந்தனர். போகப் போகச் சூடு தணிந்து, ஆர்சனிக் சுவரெல்லாம் சாம்பல் நிறமாகவும் வெண்மையாகவும் பூத்து நிற்கும். எஞ்சிய கந்தகப் புகை குன்றின் மேல் நின்ற உயர்ந்த புகைபோக்கி வழியே போயிற்று. அறைகளின் இரும்புக் கதவுகள் களிமண்ணால் இடுக்கடைக்கப்பட்டிருந்தன. போதிய அளவு படிந்தபின் உலையை நிறுத்தி, ஆறவிட்டு, கதவைத் திறந்து, ஆட்கள் மண்வெட்டியோடு உள்ளே சென்று சுரண்டி எடுத்தனர். கரி கலந்த அந்த அழுக்குப் பொடியைப் புகையில்லாத எரிபொருளில் மீண்டும் ஒருமுறை பதங்கமாக்கி, கிடைத்த தூய படிகத்தை மாவாக அரைத்து, உள்ளே தாள் ஒட்டிய பீப்பாய்களில் அடைத்து, டேமார் ஆற்றுத் துறையான மார்வெல்ஹாமுக்கு அனுப்பினர்.

அறைக்குள் இறங்குவோரின் பாதுகாப்பு பஞ்சும் களிமண்ணும்தான். மூக்குத் துளையில் பஞ்சை அடைத்து, வாயைத் துணியால் கட்டி, முகத்திலும் கையிலும் களிமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டனர். வியர்வை வழியும் மடிப்புகளில், மூக்கோரத்தில், தொடையிடுக்கில் பொடி தங்கினால் தோல் புண்ணாகும். மூக்கின் நடுத்தண்டு அரித்துத் துளைபட்டோரும் இத்தொழிலில் உண்டு. ஒரு மனிதனைக் கொல்ல 200 மில்லிகிராம் அளவே போதும் என்றால், ஒரு டன் பீப்பாய்ச் சரக்கில் 50 லட்சம் சாவு அடங்கியிருந்தது. டெவன் கிரேட் கான்சல்ஸ் ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் தயாரித்தது.

இவ்வளவு நஞ்சை வாங்கியவர் யார் என்ற கேள்விக்கு விடை வியப்பளிப்பது. கண்ணாடித் தொழில் வாங்கியது. ஈயக் குண்டு வார்ப்போர் வாங்கினர். ஆட்டின் உண்ணி போக்கும் மருந்துக்கும், தோல் பதனிடவும், சாயத்துக்கும் போயிற்று. உருளைக்கிழங்குச் செடியைத் தின்ற கொலராடோ வண்டை ஒழிக்க அமெரிக்க உழவர் தெளித்த பாரிஸ் பச்சை என்னும் நிறமி, செம்பும் ஆர்சனிக்கும் மீண்டும் கூடிய சேர்மமே. உலையில் பெருஞ்செலவில் பிரித்த இரண்டும் சாயப்பட்டறையில் மறுபடி ஒன்றாயின. அந்தப் பச்சை வகைகள் சுவர்த்தாளிலும் ஏறின. சுவர்த்தாள் வடிவமைப்பால் பெரும்புகழ் பெற்ற கவிஞர் வில்லியம் மாரிஸின் தந்தை டெவன் கிரேட் கான்சல்ஸின் 1,024 பங்குகளில் 272ஐ வைத்திருந்தார். மாரிஸும் 1870களின் முற்பகுதியில் அந்நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவராக இருந்தார். அவருடைய தொடக்ககாலச் சுவர்த்தாளின் பச்சையில் ஆர்சனிக் இருந்ததைப் பின்னாளைய ஆய்வு உறுதிப்படுத்தியது. சட்டம் கவலைப்பட்டது கொலையையும் விபத்தையும் பற்றி மட்டுமே: 1851ஆம் ஆண்டின் ஆர்சனிக் சட்டம், சில்லறையில் விற்கும் வெண்பொடியைச் சர்க்கரை என்றோ மாவு என்றோ தவறாக எண்ணாதபடி கரியோ அவுரிச் சாயமோ கலந்து விற்கவும், வாங்குவோரின் பெயரைப் பதிவுசெய்யவும் கட்டளையிட்டது. ஆலையில் அதைச் சுரண்டியவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

பிடிக்கப்பட்ட கந்தகமும் தன் துணையான ஆர்சனிக்கை விட்டுவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனின் அமில ஆலைகள் ஸ்பெயினின் ஹுயெல்வா பகுதியிலிருந்து பைரைட் கல்லைப் பெருமளவில் வாங்கி எரித்தன; எரித்து எஞ்சிய சாம்பலிலிருந்து செம்பும் எடுக்கப்பட்டது. அதே பகுதியிலுள்ள ரியோ டின்டோவில், தாதுவை விறகின்மேல் குவித்துத் திறந்த வெளியில் மாதக்கணக்கில் வறுக்கும் வழக்கம் இருந்தது. அந்தப் புகையை எதிர்த்து 1888 பிப்ரவரி 4 அன்று திரண்ட தொழிலாளர், உழவர் கூட்டத்தின் மேல் படையினர் சுட்டதில் பலர் மடிந்தனர். பைரைட்டில் ஆர்சனிக் கலந்திருந்ததால், எரிக்கும்போது அது கந்தக வாயுவோடு சேர்ந்தே சென்று அமிலத்தில் கரைந்தது. 1900ஆம் ஆண்டில், சுத்திகரிக்கப்படாத அத்தகைய அமிலம் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் ஆலை ஒன்றுக்குப் போயிற்று. அந்தச் சர்க்கரை மான்செஸ்டர் வட்டாரத்தின் பீர் வடிப்பாலைகளுக்குப் போயிற்று. கைகால் மரத்து, தோல் கறுத்து, நடக்க இயலாமல் மருத்துவமனைக்கு வந்தோருக்குக் குடியால் வந்த நரம்பு நோய் என்றே முதலில் பெயரிடப்பட்டது; ஏழைக் குடிகாரனின் நோய்க்கு வேறு காரணம் தேட யாருக்கும் தோன்றவில்லை. எர்னெஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற மருத்துவர், கடும் மது அருந்துவோரை விடப் பீர் குடிப்போரே விழுவதைக் கவனித்து, நவம்பரில் பீரைச் சோதித்து ஆர்சனிக்கைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ 6,000 பேர் நோயுற்றனர், 70 பேருக்குக் குறையாமல் இறந்தனர். இதை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் தலைவர் கெல்வின் பிரபு. 1903இல் வந்த இறுதி அறிக்கை, ஒரு கேலன் பானத்திலும் ஒரு பவுண்டு உணவிலும் கிரெயினில் நூறில் ஒரு பங்குக்கு மேல் ஆர்சனிக் இருக்கலாகாது என்று பரிந்துரைத்தது. கம்பிக்குள் ஆகாது என்று அவர் காலத்து அறிவியல் கண்டதற்கும் குடிப்பவன் வயிற்றுக்குள் ஆகாது என்று எண்ணால் வரையறுத்ததற்கும் இடையே 40க்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்திருந்தன.

டெவன் கிரேட் கான்சல்ஸ் அதற்குள் மூடப்பட்டுவிட்டது. 1920களில் சில ஆண்டுகள் மட்டும் பழைய குவியல்களை வறுக்க ஆலை மீண்டும் இயங்கியது. இதே காலத்தில் நுரை மிதப்பு முறை உலகெங்கும் பரவி, தூளாக்கிய தாதுவை எண்ணெயும் நீரும் கலந்து நுரைக்க வைத்து, செம்புத் துகளை நுரையில் ஏற்றி எடுத்து, மற்றதை அடியில் விட வழி செய்தது. மிஸ்பிக்கல் தனிக் கல்லாக இருக்கும் இடங்களில் நெருப்பில்லாமலே நஞ்சின் பெரும்பகுதியை ஒதுக்க இது உதவியது. ஆனால் எனார்கைட் போன்ற தாதுக்களில் செம்பும் ஆர்சனிக்கும் ஒரே படிகத்துக்குள் பிணைந்திருப்பதால், எவ்வளவு நுணுக்கி அரைத்தாலும் இரண்டும் ஒன்றாகவே நுரையில் ஏறும். சிலி நாட்டு மலைச் சுரங்கங்களில் ஆழம் போகப் போக இவ்வகைத் தாது கூடிவருகிறது. உலகச் செம்பில் பெரும்பங்கை உருக்கும் சீனாவோ, அரை விழுக்காட்டுக்கு மேல் ஆர்சனிக் உள்ள தாதுவை இறக்குமதி செய்ய அனுமதிப்பதில்லை. அதனால் கலாமா நகருக்கு அருகே மினிஸ்ட்ரோ ஹேல்ஸ் சுரங்கத்தில், உருக்குவதற்கு முன் நஞ்சை விரட்டுவதற்கென்றே 2010களில் ஒரு வறுப்பாலை கட்டப்பட்டது. பீப்பாயில் அடைத்து விற்க இன்று அந்த அளவுக்குச் சந்தை இல்லை. ஆகவே சிலியின் செம்பு ஆலைகளில் பிடிபடும் ஆர்சனிக்கை இரும்போடு சேர்த்து, நீரில் எளிதில் கரையாத ஸ்கொரொடைட் என்னும் பச்சை சாயலுள்ள கனிமமாக்கிப் புதைக்கின்றனர். டேமார் கரையில், 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாகக் காக்கப்படும் பழைய சுரங்கப் பரப்பில், இன்றும் புல் முளைக்கத் தயங்கும் கழிவு மண்ணுக்குள் அதே ஸ்கொரொடைட், மழையில் நனைந்த மிஸ்பிக்கலிலிருந்து தானாகவே விளைந்து கிடக்கிறது.